அம்மை சொன்ன கவிதை

18 டிசம்பர் 2024, புதன்

பரணில் தேங்காய்ச் சாக்குக்குப் பின்னால் மலையாளக் கவிஞர் சுகதகுமாரியின் 'ராத்ரிமழ' (இரவு மழை) கிடைத்தது. அட்டை போய்விட்டது. 1978-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற தொகுப்பு. ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் பிள்ளைகளிடம் அவரைப் பற்றிப் பேச ஒத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு மலையாள எழுத்து தெரியும், கவிதை ஓடாது. அம்மைக்கு ஓடும். இன்று குமரி மாவட்டத்தில் இருக்கும் விளவங்கோடு திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலத்தில், 1956-க்கு முன்னால், பள்ளிக்கூடம் போனவள். அவளுக்கு முதலெழுத்தே மலையாளம்தான்.

நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு, "இது வாசிக்க உள்ளதில்ல மக்ளே, சொல்லணும்" என்று புத்தகத்தை வாங்கினாள். மலையாளத்தில் கவிதையைச் 'சொல்லுவார்கள்'. பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஓர் இழுவை அது. காரணமில்லாமல் அழுது, சிரித்து, நீண்ட முடியை உலைத்துப் போட்டுக் குனிந்திருக்கும் ஒரு பைத்தியக்கார இளம்பெண்ணாக இரவு மழையைக் காட்டுகிற இடம் வந்தது. அம்மை நிறுத்திவிட்டாள். "பெறவு பாப்பம்" என்று எழுந்து போனாள்.

20 டிசம்பர், வெள்ளி

இரவு முழுக்க டாரஸ் லாரிகள். பாறை ஏற்றிக் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைப் பக்கம் போகின்றன. சன்னல் அதிரும்போதெல்லாம் எந்த மலையில் எவ்வளவு குறைந்தது என்றுதான் மனசு கணக்குப் போடுகிறது. அப்படிக் கிடந்துகொண்டே குறிப்பு எழுதினேன்.

1934-இல் ஆறன்முளையில் பிறந்தவர். அப்பா போதேஸ்வரன் கவிஞர், சுதந்திரப் போராட்டக்காரர். பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழையின் குறுக்கே நீர்மின் அணை கட்டப் போகிறார்கள், அமைதிப் பள்ளத்தாக்குக் காடு மூழ்கிவிடும் என்று தெரிந்ததும் சுகதகுமாரி தெருவுக்கு வந்தார். 'மரத்தினு ஸ்துதி' என்ற அவருடைய கவிதை போராட்டக் கூட்டங்களில் கடவுள் வாழ்த்தைப் போல முதலில் ஒலித்தது. அவரையும் கூட நின்ற கவிஞர்களையும் 'மரக்கவிகள்' என்று கேலி செய்தார்கள். திட்டம் கைவிடப்பட்டு, 1984-இல் அந்தக் காடு தேசியப் பூங்காவானது. சோலைமந்திகள் இன்னும் அங்கே இருக்கின்றன.

22 டிசம்பர், ஞாயிறு

பதினாலு பிள்ளைகள் வந்தார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "கவிதை சொன்னா லாரி நிக்குமா டீச்சர்?"

நிற்கும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அணையைக் கவிதை மட்டும் நிறுத்தவில்லை. விஞ்ஞானிகள் இருந்தார்கள், மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் மின்சாரக் கணக்கையும் காட்டின் கணக்கையும் எடுத்து வைத்தது. அந்தக் கணக்கைக் காது கொடுத்துக் கேட்க ஆள் வேண்டுமே. கவிஞர்கள் அந்த ஆளைக் கூட்டி வந்தார்கள் என்றேன். அவள் தலையாட்டவில்லை, யோசித்துக்கொண்டே போனாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

23 டிசம்பர், திங்கள்

நான்கு வருடம் முன்பு இதே நாளில்தான் சுகதகுமாரி கொரோனாவில் போனார். 86 வயது. தன் உடல்மேல் மலர்வளையம் வேண்டாம், ஓர் ஆலமரம் நட்டால் போதும் என்று சொல்லி வைத்திருந்தார்.

காலையில் அம்மையிடம் 'அபயா' பற்றிச் சொன்னேன். திருவனந்தபுரத்து அரசு மனநல மருத்துவமனைக்குள் போய், பட்டினியும் அழுக்குமாக அடைபட்டுக் கிடந்த பெண்களைக் கண்டபின் அவர் சும்மா இருக்கவில்லை. 1985-இல் அபயா தொடங்கினார். ஆதரவற்ற பெண்களுக்கும் மனநோயாளிகளுக்கும் அது வீடானது. 1996-இல் கேரள மகளிர் ஆணையத்தின் முதல் தலைவியாகவும் ஆனார். ஆனால் என்னை உலுக்குவது வேறொன்று. கவிதையில் அந்தப் பைத்தியக்காரப் பெண் முதலில் வந்துவிட்டாள். உவமையாக வந்தவளை இவர் உவமையாகவே விட்டுவிடவில்லை, பல வருடம் கழித்துத் தேடிப் போய்க் கையைப் பிடித்தார்.

அம்மை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, தன் சின்ன வயசில் பக்கத்து வீட்டுத் தொழுத்தில், மாட்டுக்குப் பக்கத்தில் ஒரு அக்காளைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்ததைச் சொன்னாள். இத்தனை வருடத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. மழை பெய்தால் அவள் உரக்கச் சிரிப்பாளாம். இவர்கள் பிள்ளைகளெல்லாம் வேலி வழியே எட்டிப் பார்ப்பார்களாம்.

"அவளுக்கு நல்ல நீள முடியாக்கும்" என்றாள் அம்மை.