ஜெப விண்ணப்பமும் வாட்ஸ்அப் குழுவும்

எங்கள் சபையின் ஒலிபெருக்கி, நேரலை, வாட்ஸ்அப் குழு மூன்றையும் நானும் வாலிபர் சங்கத்தார் சிலரும் பார்த்துக்கொள்கிறோம். 2020 ஊரடங்கில் தொடங்கிய நேரலையை இனி நிறுத்திவிடலாமே என்று கமிட்டியில் யாராவது கேட்பதுண்டு. கூடாது என்பேன். எழுந்து நடக்க முடியாத பெரியவர்களுக்கும் கப்பல் வேலைக்குப் போன பையன்களுக்கும் ஞாயிறு ஆராதனை அதில்தான் கிடைக்கிறது. படம் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை, பிரசங்கம் தெளிவாகக் கேட்க வேண்டும். அதனால் நல்ல கேமரா வாங்குவதற்கு முன்னால், மைக்குகளின் ஒலியைச் சேர்க்கும் மிக்சர் கருவியிலிருந்து நேராக ஒலியை எடுக்க வழி செய்யுங்கள். போன் மைக்கை நம்பினால் மின்விசிறிச் சத்தம்தான் போய்ச் சேரும். திருவிருந்து நேரத்தில் கேமராவைச் சிலுவைப் பக்கம் திருப்பிவிடுகிறோம். முழங்காலில் நிற்பவரின் முகத்தை ஊருக்குக் காட்ட நமக்கு உரிமை இல்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஜெப விண்ணப்பங்களைப் பற்றி. ஒரு தாய் தன் மகளுக்காக ஜெபிக்கச் சொல்கிறார். கேட்டவர் நல்ல மனதோடுதான் அதைக் குழுவில் போடுகிறார்: பெயர், நோய், ஆஸ்பத்திரி, வார்டு எண் எல்லாவற்றையும் சேர்த்து. கொஞ்ச நேரத்தில் அது குடும்பக் குழுக்களுக்கு பார்வர்டு ஆகிவிடும். வரன் பார்க்கிற வயதில் இருக்கும் பெண்ணுக்கு இது என்ன செய்யும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கடன், குடி, புருஷன் பெண்டாட்டி பிரச்சினை என எல்லாமே ஜெபத்துக்கு வருகின்றன. நம்மை நம்பிச் சொன்னவை அவை. வாட்ஸ்அப்பின் என்கிரிப்ஷன் வெளியாள் படிப்பதைத் தடுக்கும். குழுவில் இருப்பவர் அதைப் பிறருக்குக் காட்டுவதைத் தடுக்காது. மறையும் செய்தியாக 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வைக்கலாம்தான். அதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர் எடுத்ததுதான்.

ஆகவே பெரிய குழுவில் அட்மின் மட்டும் எழுதும்படி வைத்திருக்கிறோம். அங்கே 'சுகவீனமாயிருக்கும் ஒரு சகோதரிக்காக' என்ற அளவோடு சரி. விவரம் ஐயருக்கு, அதாவது சபைப் போதகருக்குப் போகும். சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால் ஜெபக்குழுவில் சிலருக்கும். ஆண்டவருக்கு வார்டு எண் ஏற்கெனவே தெரியும்.

ஓய்வுநாள் பாடசாலை (சண்டே ஸ்கூல்) பிள்ளைகளின் படங்களைப் பெற்றோரைக் கேட்காமல் போடுவதில்லை. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எவரையும் குழந்தையாகவே கருதுகிறது. ஆசிரியர்களும் பிள்ளைகளுக்குத் தனிச் செய்தி அனுப்பாமல், பெற்றோர் இருக்கும் குழுவில்தான் பேசவேண்டும்.

காணிக்கைக்கு வைத்திருக்கும் க்யூஆர் அட்டை சபைக் கணக்குக்கு உரியதாக மட்டும் இருக்கட்டும். அதன்மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டுவது எளிது என்பதால் பொருளாளர் அடிக்கடி ஸ்கேன் செய்து, திரையில் சபையின் பெயர் வருகிறதா என்று பார்க்கவேண்டும். ஐயரின் படத்தை வைத்துப் புது எண்ணிலிருந்து அவசரமாகப் பணம் கேட்கும் மோசடியும் இருக்கிறது. ஐயர் வாட்ஸ்அப்பில் பணம் கேட்கமாட்டார் என்று ஆராதனை அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். யாராவது ஏமாந்துவிட்டால் திட்டாமல், உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்க உதவுங்கள்.

அப்புறம், உங்கள் யூடியூப் சேனல் யாருடைய ஜிமெயிலில் இருக்கிறது? தொடங்கிய தம்பி வேலைக்கு பெங்களூரு போய்விட்டால் சேனலும் அவரோடு போய்விடும். யூடியூப் ஸ்டுடியோவில் கடவுச்சொல்லைப் பகிராமலே வேறு பொறுப்பாளர்களைச் சேர்க்கலாம். அடுத்த கமிட்டிக்கு முன்னால் இரண்டு பேரையாவது சேர்த்துவிடுங்கள்.