அப்பத்தா பென்ஷன் திரும்ப வந்துருச்சு, ஆனா அலைச்சல் இருக்கே...

ஏழு மாசமா நின்னு கிடந்த அப்பத்தாவோட முதியோர் பென்ஷன் 1200 ரூவா போன வாரம்தான் வந்துச்சு. நாலு நாள் சம்பளத்த விட்டுட்டு அலைஞ்சேன், கோவம் இன்னும் அடங்கல.

பென்ஷன் ஆய்வுக்கு வந்தவங்க வீடு பூட்டியிருக்கறதப் பாத்துட்டு 'முகவரியில் இல்லை'ன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. அப்பத்தா அப்ப தொண்டியில அத்த வீட்ல இருந்துச்சு, அவ்வளவுதான் விஷயம். ஆதார், ரேஷன் கார்டு, விஏஓ சான்று எல்லாம் ஒரே நாள்ல ரெடி.

மனு குடுக்கப் போன கவுண்டர்லதான் மாட்டுனேன். அங்க இருந்தவரு "ஒங்க அம்மாவுக்கு மகளிர் உரிமைத்தொகை 1000 வருது, அப்பாவுக்கு மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வருது, ஒரே வீட்டுக்கு எத்தனதான்யா குடுக்கறது"ன்னாரு. எனக்குப் பொறுக்கல. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கரையில கிடக்குமே அதுக்குத்தான் அப்பாவுக்கு வருது, அம்மாவுக்கு வர்றது அம்மா பாடுக்கு, அப்பத்தாவுக்கு வர்றது வயசுக்கு, இதுல ஒண்ணக் காட்டி இன்னொண்ண வெட்டுனா நாளைக்கு எங்க தலைமுறைக்கு என்ன மிஞ்சும்? 1962ல 20 ரூவாயில ஆரம்பிச்ச பென்ஷன் ஜனங்க கேட்டுக் கேட்டுத்தான் இவ்வளவு ஆயிருக்கு. அதுல சென்டர் பங்கு 79 வயசு வரைக்கும் 2007ல இருந்த அதே 200 தான், இன்னும் ஏறல.

நல்லவேளை அம்மா ஒரு பேப்பர் கட்டிங்க ரேஷன் கார்டு கவருக்குள்ளயே மடிச்சு வச்சிருந்துச்சு. முதியோர் பென்ஷன் வாங்குற குடும்பத்துப் பெண்களும் உரிமைத்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்னு 2023 ஆகஸ்ட்ல வந்த அறிவிப்பு. கவுண்டர்ல இருந்தவரு அத ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம மனுவ வாங்கிக்கிட்டாரு. ஒப்புகைச் சீட்டு வாங்காம மட்டும் வந்துறாதீங்க, மொத ரெண்டு தடவ நான் குடுத்த மனு எங்கன்னே தெரியலன்னுட்டாங்க. அப்புறம் திங்கக்கிழமை ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்லயும் ஒரு காப்பி போட்டேன், அதுக்கப்புறந்தான் நகந்துச்சு.

பணம் எடுக்கப் போனா ரேகை விழல. அப்பத்தா கடல்ல பாசி எடுக்கப் போறப்ப விரல்ல துணி சுத்திக்கிட்டுத்தான் எறங்கும், அப்படியும் முப்பது வருசமா பாறையில தேஞ்சு ரெண்டு பெருவிரலும் வழவழன்னு கிடக்கு. எண்ணெய் போகத் தொடச்சு ஒவ்வொரு விரலா வச்சதுல இடது கை மோதிர விரல் எடுத்துச்சு. பெருவிரல் விழலன்னு திருப்பி அனுப்புனா போயிறாதீங்க, பத்து விரலையும் வச்சுப் பாக்கச் சொல்லுங்க.

நின்ன ஏழு மாசத்துக்குப் பாக்கி கிடையாதாம். அதுக்கும் மனு எழுதி வச்சிருக்கேன், வர்ற திங்கக்கிழமை அப்பத்தாவயும் கூட்டிக்கிட்டுப் போறேன்.