ரப்பர் மர மேசைக்கு அயனி நிறம்: கடுக்காயும் இரும்பும் வைத்துச் செய்து பார்த்தது

எங்கள் பக்கம் குறைந்த விலையில் மேசை கேட்டால் கடைக்காரர் முதலில் காட்டுவது ரப்பர் மரம்தான். 25, 30 வருடம் ஆகிப் பால் குறைந்த மரத்தை முறித்து, பூச்சி ஏறாமலிருக்க போரான் மருந்து ஏற்றி, உலர்த்தி, சிறு துண்டுகளின் முனைகளைப் பல் பல்லாக வெட்டிக் கோர்த்து ஒட்டிப் பலகையாக்குகிறார்கள். உறுதியில் குறை சொல்ல முடியாது. நிறம்தான் வடித்த கஞ்சி மாதிரி வெளுத்திருக்கும். பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது மரமாகவே படாது. வீட்டில் பாட்டி காலத்துப் பெட்டி ஒன்று இருக்கிறது, பலா இனத்தைச் சேர்ந்த அயனி மரத்தில் செய்தது. அதன் பக்கத்தில் போடுவதற்குத்தான் இந்த மேசை.

வால்நட், ரோஸ்வுட் என்று ஸ்டெயின், அதாவது மரச்சாய டப்பாக்கள் கடையில் கிடைக்கின்றன. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் நல்ல இருட்டு வேண்டுமென்று அதைத் திரும்பத் திரும்பப் பூசினால் ரேகை மூடிப்போகும். எனக்கு ரேகை தெரிய வேண்டும். அதனால் கடுக்காயை எடுத்தேன். கடுக்காயில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். பழைய எழுத்து மையும் கலம்காரித் துணியின் கறுப்பும் இந்த வழியில் வந்தவைதான். ரப்பர் மரத்தில் டானின் குறைவு என்பதால் அதை நாம்தான் வெளியிலிருந்து ஊட்ட வேண்டும்.

தை மாதத்தில் தொடங்கினேன். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் இரண்டுமே பெய்கிற குமரி மாவட்டம் நம்முடையது. மரமும் பாலிஷும் ஒழுங்காகக் காய்வதற்கு இந்த இடைவெளியை விட்டால் ஆகாது.

முதலில் மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். முத்தாக நின்றது. கம்பெனியிலேயே லேக்கர் என்ற பளபளப்புப் பூச்சு அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது போகாமல் எந்தச் சாயமும் உள்ளே இறங்காது. 120 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, 180, பிறகு 220. தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் வயதான ஆசாரி வந்து கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மக்ளே, ரேகைக்குக் குறுக்க தேச்சிராத. இப்ப கண்ணுக்குத் தெரியாது. சாயம் ஏறினா ஒவ்வொரு கீறலும் எழும்பி நிக்கும்.” தேய்த்து முடித்து ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டேன். நார் சிலிர்த்துக்கொண்டது. அதை 220-ஆல் லேசாக எடுத்துவிட்டால், பிறகு சாயத் தண்ணீர் பட்டாலும் அதிகம் எழும்பாது. தூசி நுண்ணியது, மாஸ்க் போட்டே தேய்க்க வேண்டும்.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கடுக்காயைக் கொட்டை நீக்கி இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கவைத்து வடிகட்டினேன். இரும்புச் சட்டியில் வைத்தால் அங்கேயே கறுத்துவிடும். இன்னொரு பக்கம், இரும்பு ஆணிகளை வினிகரில் போட்டு ஒரு வாரம் விட்டிருந்தேன். வாயு கிளம்பும் என்பதால் மூடியை இறுக்கவில்லை.

மேசைக்கு அடிப்பக்கம்தான் சோதனைப் பலகை. கடுக்காய்த் தண்ணீர் பூசிக் காய்ந்ததும் மரம் இளமஞ்சளானது. அதன்மேல் இரும்புத் தண்ணீரை அப்படியே பூசிய இடம் கரிக்கறுப்பு. ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து பூசிய இடம் சாம்பல் கலந்த பழுப்பு. பார்க்க வேண்டியது இந்தக் கட்டம். தூரிகை போகும்போது வெறும் ஈரம்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் ரேகைக் குழிகள் முதலில் மெல்லிய கோடுகளாகக் கறுக்கும், பிறகு அவற்றைச் சுற்றி நிறம் பரவும். வெட்டுமுனை அதிகம் குடிக்கும், அங்கே இன்னும் நீர்த்ததைப் பூச வேண்டும். கையுறை கட்டாயம். சிமென்ட் தரையில் கோணி விரித்துக்கொள்வது நல்லது.

ஒட்டுப்பலகையின் சிக்கல் மேல்பரப்பில் தெரிந்தது. ஒவ்வொரு துண்டும் வெவ்வேறு மரம், குடிக்கும் அளவும் வேறு. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் ஒன்று கறுத்தும் ஒன்று வெளிறியும் நின்றன. வெளிறிய துண்டுகளுக்கு மட்டும் சிறிய தூரிகையால் இன்னொரு கை கொடுத்தேன். வித்தியாசம் பாதிக்கு மேல் அடங்கியது. பசை கசிந்த பல்லிடுக்குகளில் சாயம் ஏறவே ஏறாது. அந்த இடங்களை மறுபடி தேய்த்தபின்தான் பிடித்தது. கடைசியில் மீதமிருந்த கடுக்காய்த் தண்ணீரை மேலே ஒருமுறை ஓட்டினேன், மிஞ்சிய இரும்பும் கறுக்கட்டும் என்று.

சாம்பல் சாயலைப் போக்கிச் சூடான பழுப்பைத் தருவது பாலிஷின் வேலை. கால்களுக்கு ஸ்பிரிட்டில் கரைத்த ஆரஞ்சு அரக்கு. ஈரக்காற்றில் அரக்கு வெள்ளை பூக்கும் என்பதால் வெயில் ஏறிய பிறகே பூசினேன். மேல்பரப்பில் சூடான டம்ளர் வைப்பார்கள், அரக்கு தாங்காது. அங்கே எண்ணெய் கலந்த பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ், துணியில் நனைத்து மெல்லிசாக மூன்று கை. அந்தத் துணியைச் சுருட்டிப் போடக்கூடாது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்தபின்தான் குப்பைக்கு.

பெட்டியோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். அயனியின் செம்மை முழுதாக வரவில்லை, மேசை ஒரு படி கறுப்பாகவே நிற்கிறது. ஆனால் ரேகை தெளிவாக இருக்கிறது, அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அடுத்து ஸ்டூல். அதற்கு இரும்புத் தண்ணீரின் பங்கை இன்னும் குறைத்து, அரக்கில் ஒரு கை கூட்டிப் பார்க்கப் போகிறேன்.