எதிர்த்தவர்கள் கிளம்பிப் போன பிறகு

அமெரிக்காவின் யுனைட்டெட் மெதடிஸ்ட் திருச்சபை, தன்பாலீர்ப்பாளர்கள் போதகராவதற்கு இருந்த தடையை 2024 மே 1 அன்று நீக்கியது. சார்லட் நகரில் நடந்த பொதுமாநாட்டில் 692க்கு 51 ஓட்டு. விவாதமே கிடையாது, வேறு பல தீர்மானங்களோடு சேர்த்து ஒரே ஓட்டெடுப்பில் முடிந்தது. 1972லிருந்து இதற்காகவே கட்டிப் புரண்ட சபை மனம் மாறிவிட்டது என்று பலரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மனம் மாறியதாகத் தெரியவில்லை, மாறாதவர்களில் பெரும்பாலோர் அதற்குள் கிளம்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

2019ல் செயின்ட் லூயிஸில் இதே சபை 438க்கு 384 என்று தடையை இன்னும் இறுக்கியது. வேடிக்கை என்னவென்றால், ஜெயித்தவர்கள்தான் வெளியேறினார்கள். அமெரிக்கப் போதகர்களில் நிறையப் பேர் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள், ஜெயித்தும் பலனில்லை.

சரி, போவதென்றால் கோயில்? உள்ளூர்க்காரர்கள் காசு போட்டுக் கட்டியதாக இருந்தாலும் கட்டடமும் நிலமும் மொத்தத் திருச்சபைக்காக டிரஸ்டில் இருக்கும். (சபைச் சொத்துக்காகக் கோர்ட்டுக்கு அலைகிற நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) அதற்கும் 2019 மாநாடே வழி செய்தது: உள்ளூர்ச் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு, தலைமைக்கு இரண்டு வருடப் பங்குத்தொகை, போதகர்களின் ஓய்வூதியத்துக்குச் சேர வேண்டியது, எல்லாம் கட்டிவிட்டால் சொத்தோடு போகலாம் என்று 2023 முடியும் வரை விதி இருந்தது. அதற்குள் ஏறத்தாழ 7,600 உள்ளூர்ச் சபைகள், அதாவது அமெரிக்காவில் இருந்தவற்றில் கால்வாசி, போய்விட்டன.

என்னை உறுத்துவது அந்த உள்ளூர் ஓட்டெடுப்புகள்தான். தன்பாலீர்ப்பு குறித்த மனசாட்சிக் காரணத்துக்காகவே பிரிகிறோம் என்பதுதான் அந்த விதி கேட்ட காரணம். அப்படியென்றால் பாடகர் குழுவில் பக்கத்தில் நின்று பாடுகிறவளோ, ஞாயிறு பள்ளியில் தான் பாடம் சொல்லிக்கொடுத்து வளர்த்த பையனோ தன்பாலீர்ப்பாளராக அதே கோயிலில் உட்கார்ந்திருக்கும்போது, அவர்களைக் காரணமாக வைத்து ஓட்டுச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். வேத வசனம், பாரம்பரியம் என்று எவ்வளவு பேசினாலும் கடைசியில் நடந்தது இதுதான்.

பென்சில்வேனியா போதகர் ஃபிராங்க் ஷேஃபர் சொந்த மகனுக்கும் அவன் துணைவருக்கும் 2007ல் திருமணம் நடத்திவைத்தார். அதற்காக 2013ல் சபை அவரை விசாரித்துப் பதவியைப் பறித்தது, 2014ல் மேல்முறையீட்டில் திரும்பக் கிடைத்தது. மகன் கல்யாணத்துக்கு அப்பா ஜெபம் செய்ததைக் குற்றமென்று விசாரிக்க ஒரு சபைக்கு எப்படித்தான் மனம் வந்ததோ.

இப்போதும் எந்தப் போதகரையும் இப்படிப்பட்ட திருமணத்தை நடத்தியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அப்படியும் 2024 மே மாத இறுதிக்குள்ளேயே, ஆப்பிரிக்காவில் இதே திருச்சபையைச் சேர்ந்த ஐவரி கோஸ்ட் சபை விலகுவதாக முடிவெடுத்துவிட்டது.