பிடிவாதக்காரர் எல்லாரும் பழமைவாதி இல்லை

அரசியல் பேச்சில் ஒருவரை மட்டம் தட்ட வேண்டுமென்றால் பழமைவாதி என்று சொல்லிவிட்டால் போதும், மேற்கொண்டு வாதமே தேவையில்லை. இன்னொரு பக்கம், யார் என்ன உடுத்தலாம், யார் யாரைக் கல்யாணம் செய்யலாம் என்று நாள் முழுக்கத் தீர்ப்பு சொல்லிக்கொண்டே, நீதிமன்றம், பத்திரிகை, தேர்தல் எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்ட வேண்டும் என்று கத்துகிறவர்களும் அதே பெயரைப் பெருமையாக மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு தரப்புக்குமே உண்மையான பழமைவாதி எப்படி இருப்பார் என்று தெரியாது என்பேன்.

அவர் மாற்றத்தை வெறுப்பவர் இல்லை. மாற்ற வேண்டும் என்கிறவர்தான் காரணம் சொல்ல வேண்டும், இருப்பது இருக்கட்டும் என்கிறவர் இல்லை என்று நினைப்பவர், அவ்வளவுதான். பல தலைமுறை புழங்கித் தேறி வந்த ஓர் ஏற்பாட்டில் அதை உண்டாக்கியவர்களுக்கே தெரியாத பயன்கள் இருக்கும், நான்கு கெட்டிக்காரர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து யோசித்தால் அதெல்லாம் கண்ணில் படாது, உடைத்த பிறகுதான் தெரியும் என்பது அவர் பயம்.

இந்தச் சிந்தனைக்கு மூலவராக எல்லாரும் காட்டுவது எட்மண்ட் பர்க்கை. டப்ளினில் பிறந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனவர். பின்னாளில் கன்சர்வேடிவ் கட்சியாக மாறிய டோரி அணிகூட இல்லை, அதை எதிர்த்த விக் கட்சிக்காரர். அமெரிக்கக் குடியேற்றங்களின் குறைகளில் நியாயம் இருக்கிறது என்று வாதாடினார். இந்தியாவில் நடத்திய ஆட்சிக்காக முன்னாள் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸைக் கூண்டில் ஏற்றி, 1788 முதல் 1795 வரை இழுத்த அந்த விசாரணையை முன்னின்று நடத்தினார் (கடைசியில் ஹேஸ்டிங்ஸ் விடுதலையாகிவிட்டார், அது வேறு கதை). அதே மனிதர்தான் 1790இல், பிரெஞ்சு அரசன் தலை போவதற்கு வெகுமுன்பே, பிரெஞ்சுப் புரட்சி ஒரு படைத்தளபதியின் கையில் போய் முடியும் என்று ஒரு புத்தகத்தில் எழுதினார். 1799இல் நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தபோது பர்க் உயிரோடு இல்லை. இத்தனைக்கும், மாறத் தெரியாத அரசு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் முடியாது என்று அதே புத்தகத்தில் சொன்னவரும் அவர்தான்.

அந்தப் புரட்சி செய்த இரண்டு காரியங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். 1793இல் பழைய காலண்டரைத் தூக்கிவிட்டு வாரத்துக்கு 10 நாள் என்று வைத்தார்கள். கணக்கு போட வசதிதான், ஆனால் ஏழு நாளைக்கு ஒருமுறை கிடைத்த ஓய்வு பத்து நாளைக்கு ஒருமுறை என்று ஆனது. ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே பழைய ஞாயிற்றுக்கிழமையைக் கொண்டாடினார்கள், 1806 பிறந்ததும் நெப்போலியன் அந்தப் புதுக் காலண்டரையே கைவிட்டார். சரி, பழமைவாதி ஜெயித்தார் என்று எழுந்து போய்விட முடியாது. 1795இல் அதே ஆட்கள்தான் மீட்டரையும் கிராமையும் சட்டமாக்கினார்கள், இன்றைக்கு உலகில் பெரும்பகுதி அதில்தான் அளக்கிறது! அதுவும் ஒரே நாளில் நிற்கவில்லை. 1812இல் பழைய அளவுப் பெயர்கள் திரும்பி வந்தன, 1840இல்தான் மீட்டர் மறுபடி முழுக்கக் கட்டாயமானது. ஊருக்கு ஊர் மாறிய படிகளாலும் முழங்களாலும் ஏமாந்துகொண்டிருந்தவர்களுக்கு மீட்டரால் லாபம் இருந்தது, பத்து நாள் வாரத்தால் யாருக்கும் இல்லை. நல்ல பழமைவாதி கேட்க வேண்டிய கேள்வி இந்த மாதிரிதான், புதுசா பழசா என்பது அல்ல.

கட்சிப் பெயரை வைத்துப் பார்த்தால் இன்னும் குழப்பம். தானிய இறக்குமதி வரியை 1846இல் ஒழித்துத் தன் கட்சியையே உடைத்த பிரிட்டிஷ் பிரதமர் ராபர்ட் பீல் கன்சர்வேடிவ், அதாவது பெயரிலேயே பழமைவாதி. 1867இல் நகரத் தொழிலாளர்கள் நிறையப் பேருக்கு ஓட்டுரிமை கொடுத்த டிஸ்ரேலி கன்சர்வேடிவ். 1883இல் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு கொண்டுவந்த ஜெர்மனியின் பிஸ்மார்க்கும் இடதுசாரி இல்லை.

பழசை மீட்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் வேறு ஜாதி. புரட்சிக்குப் பிறகு பிரான்சுக்குத் திரும்பிய அரசர் பதினெட்டாம் லூயி 1814இல் ஓர் அரசியல் சாசனம் கொடுத்தார்; புரட்சியில் கைமாறிய நிலம் வாங்கியவர்களிடமே இருக்கட்டும், நெப்போலியனின் சிவில் சட்டமும் இருக்கட்டும் என்று விட்டார். அவருக்குப் பின் அரசரான தம்பி பத்தாம் சார்லஸ் 1830 ஜூலையில் பத்திரிகைச் சுதந்திரத்தை நிறுத்தி, சபையைக் கலைத்து, ஓட்டுரிமையைச் சுருக்கினார், மூன்றே நாள் கலவரத்தில் பாரிஸ் கைவிட்டுப் போனது. அண்ணன் பழமைவாதி. தம்பி, முகம் பின்னால் திரும்பிய புரட்சிக்காரர். இன்று அந்தப் பெயரில் சுற்றுகிறவர்களில் பெரும்பாலோர் தம்பி கட்சி.

ஆனால் அண்ணன் கட்சிக்கும் பதில் சொல்ல முடியாத ஓர் இடம் இருக்கிறது. பர்க் 1780லேயே அடிமைமுறையைப் படிப்படியாகத் தளர்த்தி ஒழிக்க ஒரு திட்டம் எழுதி வைத்தார். பிரிட்டிஷ் பேரரசில் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1833இல். அதன்பிறகும் பெரும்பாலோரைப் பயிற்சித் தொழிலாளி என்ற பெயரில் பழைய எஜமானனிடமே 1838 வரை வேலை செய்யவைத்தார்கள். நஷ்ட ஈடு 2 கோடி பவுண்ட், அதுவும் எஜமானர்களுக்கு. அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு பைசா இல்லை. மெல்ல மெல்ல என்று சொல்கிறவர் சௌகரியமாக இருக்க, காத்திருப்பவர் வேறு யாரோ.

அதனால் என்னைக் கேட்டால் நீதிமன்றம், தேர்தல், நாணயம் மாதிரி விஷயங்களில் நான் பழமைவாதி என்றே சொல்லுவேன், யாராவது அடிபட்டுக்கொண்டிருக்கிற ஏற்பாடுகளில் இல்லை. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடக்கிற இடங்கள்தான் அதிகம், சொத்துரிமை, வாரிசுச் சட்டம், குடும்பம் என்று. அங்கெல்லாம் எனக்கு இன்னும் தகராறுதான்.