வலிக்கு ‘ஆம்’ சொல்வது

ஜூன் 4
ஜெர்மன் தத்துவவாதி ஷோபன்ஹவரின் கணக்கு எளிது: உணரப்படுவது வலி மட்டுமே, இன்பம் என்பது வலி விலகிய வெற்றிடம். உடம்பு முழுக்க நலமாக இருந்தாலும் செருப்பு கடிக்கும் இடம்தான் தெரிகிறது என்பார். கவனத்தைப் பற்றி இது சரி. ஆனால் கவனத்தில் படாதது இல்லவே இல்லை என்றாகிவிடாது. தவிர, கடினமான கணக்கைப் போடுபவருக்குத் திணறலும் மகிழ்ச்சியும் ஒன்றாகவே வருகின்றன. தராசில் எதை எந்தத் தட்டில் வைப்பது?

ஜூன் 5
புத்தர் சொன்ன இரண்டு அம்புகள்: முதலாவது உடலில் தைக்கும் வலி, அடுத்தது அதன்மேல் மனம் எய்துகொள்ளும் புலம்பல். நாள்பட்ட வலியில் இந்தப் பிரிவினை உதவும். இந்த நிமிடம் வலிப்பது எவ்வளவு, ‘இது தீரவே தீராதோ’ என்ற பயம் எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்க்கலாம். உடம்பு துன்பத்துக்கு இலக்கு என்று அறிந்தவர் கலங்கமாட்டார் என்னும் 627-ஆம் குறளும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

ஜூன் 9
நீட்சே, இன்னொரு ஜெர்மன் தத்துவவாதி. தலைவலியும் கண்கோளாறும் வயிற்று உபாதையும் சேர்ந்து 1879-இல் பாசல் பல்கலைக்கழக வேலையை விட வைத்தன. 1882-இல் வந்த அவரது ‘மகிழ்ச்சியான அறிவியல்’ (The Gay Science) நூலின் 341-ஆம் பகுதியில் ஒரு பூதம் கேட்கிறது: இதே வாழ்க்கை, எதுவும் மாறாமல், முடிவின்றித் திரும்ப வந்தால், ‘ஆம்’ என்பாயா?

பலர் சறுக்கும் இடம், ‘வலி நம்மை வளர்க்கும், அதனால் ஏற்கிறேன்’ என்பது. இது பேரம். எல்லாமே திரும்ப வரும்போது வளர்ச்சியும் மிஞ்சாது, காயம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பலனுக்காக ஏற்றவர் பலனைத்தான் ஏற்றார்.

செய்து பார்க்க, முழு வாழ்க்கையையும் எடுக்க வேண்டாம். பிடிக்காத ஒரு மணி நேரம் போதும். அதை எழுதி, வலியை மட்டும் அடித்துவிட்டு, கூடவே எதெல்லாம் போகிறது என்று பாருங்கள். இழவின் துயரை அடித்தால், இறந்தவர்மேல் வைத்த அன்பும் போகும். பல்வலியை அடித்தால் ஒன்றும் போகாது. அங்கே ‘வேண்டாம்’ என்பதே நேர்மையான பதில், மாத்திரை போட்டுக்கொள்ளலாம். தூக்கத்துக்குக் குளோரல் ஹைட்ரேட் எடுத்தவர்தான் நீட்சேயும்.

ஜூன் 12
இந்த ‘ஆம்’, ‘நான்’ என்னும் தன்மை ஒருமையில் மட்டுமே செல்லும். அடுத்தவர் வலிக்கு நியாயம் கற்பிப்பதுதான் எல்லா ஒழுக்கக்கேட்டுக்கும் ஊற்று என்று பிரெஞ்சுத் தத்துவவாதி லெவினாஸ் 1982-இல் எழுதினார். நான் அவர் பக்கம். வலியில் கிடப்பவரிடம் ‘ஏற்றுக்கொள்’ என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து என்று கேட்கலாம், சொல்வதை நம்பலாம், மருந்துக்கு வழி செய்யலாம்.