தஞ்சாவூரிலிருந்து பனி ரயிலுக்கு: பையில் போகவேண்டியவை

மார்கழி விடியலில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே நம் ஊரில் மப்ளர் கட்டிக்கொள்வோம். ஜனவரியில் கஜகஸ்தான் தலைநகர் அஸ்தானாவில் மைனஸ் 20 சாதாரணம், மைனஸ் 30 வரைக்கும் போகும். ஆனால் ரயில் பெட்டிக்குள் ஹீட்டர் தயவில் நம் மாசி மாதம்தான். வெளியே உறையும், உள்ளே வேர்க்கும். டெல்டாக்காரர்களைப் படுக்கவைப்பது இந்த மாற்றம்தான்.

முதல் பயணத்துக்குக் கஜகஸ்தான் நல்லது. இந்திய பாஸ்போர்ட்டுக்கு 14 நாள் வரை விசா வேண்டாம், டெல்லியிலிருந்து அல்மாட்டிக்கு நேரடி விமானம் உண்டு. ரஷ்யாவில் மாஸ்கோ–விளாடிவோஸ்டோக் 9,289 கி.மீ. பாதையிலும் ஏறக்குறைய இதே மாதிரிப் பெட்டிகள்தான். ஆனால் நம் வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 முதல் அங்கே வேலை செய்வதில்லை. முழுச் செலவையும் கையில் பணமாகக் கொண்டுபோக வேண்டும்.

இன்ஷியல் வைத்த பெயரில் கவனம் தேவை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் டிக்கெட் படிவம் ஏற்காமல் மல்லுக்கட்டும். அப்பா பெயரை விரித்து அதில் சேர்த்துக்கொண்டு கிளம்புவது உத்தமம். அங்கே டிடிஇ பிறகு வந்து பார்ப்பார் என்ற பேச்சே இல்லை. பெட்டி வாசலிலேயே அட்டெண்டர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் ஒப்பிட்டுத்தான் ஏற்றுவார். ஸ்டேஷன் பெயரையும் இருமுறை பாருங்கள். அல்மாட்டி-1 ஊருக்கு வடக்கே தள்ளி, அல்மாட்டி-2 ஊருக்குள். அஸ்தானாவிலும் இரண்டு.

பிளாட்ஸ்கார்ட் என்பது நம் ஸ்லீப்பர் போலக் கதவில்லாத 54 படுக்கைப் பெட்டி. ஒற்றைப்படை எண் கீழ், இரட்டைப்படை மேல். 37, 38 கழிப்பறையை ஒட்டிய சைடு பெர்த். கதவு அடிக்கும் சத்தத்தில் தூக்கம் போய்விடும்.

உடுப்பில் பருத்தி கூடவே கூடாது. நம் வெயிலுக்கு அது வரம். அங்கே பெட்டிக்குள் வேர்த்த பனியன் பிளாட்பாரத்தில் ஈரத்துணியாக உடம்பில் ஒட்டி, சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி அல்லது பாலியஸ்டர் தெர்மல், நடுவே ஃப்ளீஸ், மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். ஏறியதும் மேல் இரண்டையும் கழற்றிவிடுங்கள். கனத்த ஜாக்கெட்டை இங்கே வாங்கிச் சுமக்காமல் அல்மாட்டி பரஹோல்கா சந்தையில் வாங்கலாம். ஷூ ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும்; இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்தால் ரத்தம் ஓடாமல் விரல் மரத்துப்போகும். பெட்டிக்குள் நடக்க ரப்பர் செருப்பு போதும், அங்குள்ளவர்களும் அப்படித்தான். இரண்டு பெட்டிக்கு நடுவிலுள்ள இணைப்பில் மட்டும் ஹீட்டர் கிடையாது. கைப்பிடியில் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும், ஈரக் கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும். உதட்டு வெடிப்புக்கு வாசலின் எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவைக் குளிரிலிருந்து உள்ளே கொண்டுவருமுன் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டிவிடவேண்டும். ஈரமெல்லாம் பை மேலேயே படியும், லென்ஸ் தப்பிக்கும்.

இனி சாப்பாடு. பெட்டியின் ஒரு கோடியில், அட்டெண்டர் அறைப் பக்கம் சமோவார் இருக்கும். இரவும் பகலும் வெந்நீர், காசு கிடையாது. சைவக்காரர்களுக்கு அதுதான் அடுப்பு. கெட்டி அவல் இரண்டு கைப்பிடி, மூழ்க வெந்நீர், மூடி ஐந்து நிமிடம். நீரை ஒட்ட வடித்து, ஒரு ஸ்பூன் புளிக்காய்ச்சல் போட்டுக் கிளறினால் புளியோதரை தயார். மெல்லிசு அவல் கூழாகிவிடும். புளிக்காய்ச்சலில் நல்லெண்ணெய் மேலே மிதக்கவேண்டும், அப்போதுதான் நாள்பட நிற்கும். அதை செக்-இன் லக்கேஜில் போடுங்கள்; கைப்பையில் 100 மி.லி.க்கு மேல் விடமாட்டார்கள்.

கும்பகோணம் பித்தளை ஃபில்டரும் இங்கே வேலை செய்யும். பொடியை லேசாக அமுக்கி, வெந்நீரைப் பாதிப் பாதியாக ஊற்றுங்கள். ஆட்டத்தில் மேல் அடுக்கு சரிந்துவிடும் என்பதால் டிகாக்‌ஷன் இறங்கும்வரை துண்டால் சுற்றி ஜன்னலோரம் முட்டுக்கொடுத்து வைக்கவும். பால் பவுடரைத் தனியே கொஞ்சம் வெந்நீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, டிகாக்‌ஷனைக் கடைசியில் சேர்த்தால் திரியாது. அட்டெண்டரிடம் கேட்டால் உலோகப் பிடி போட்ட கண்ணாடி கிளாஸ் தருவார். பிடி இருப்பதால் டவரா இல்லாமலே கை சுடாது.